சிப்பி நாற்றமும் லண்டன் ஆஸ்பத்திரியும்

எனக்கு வந்தது வலிப்பு. இதை இப்படி எழுதினால் எங்கள் தெருவில் பாதிப்பேர் முகம் சுளிப்பார்கள். 'அந்தச் சீக்கு' என்பார்கள், 'லேசா மயக்கம்' என்பார்கள். மயக்கம் வேறு, வலிப்பு வேறு. மயங்கி விழுந்தவன் முகத்தில் தண்ணீர் தெளித்தால் எழுந்து உட்கார்ந்து சோடா குடிப்பான். வலிப்பு வந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு, கைகால் வெட்டி, வேட்டியை நனைத்துக்கொண்டு கிடப்பான். எழுந்த பிறகும் தன் பெயர் என்ன என்று கேட்டால் கொஞ்ச நேரம் முழிப்பான். நான் அப்படி முழித்தவன். அதனால் பேரைச் சொல்லியே எழுதுகிறேன். சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

நான் தூத்துக்குடியில் தோணித் தண்டல். கப்பலுக்குக் கேப்டன் என்றால் பாய்த்தோணிக்குத் தண்டல். புதுத் துறைமுகம் வந்து பெரிய கப்பல்களெல்லாம் அங்கே போய் நின்ற பிறகும், நாங்கள் பழைய துறைமுகத்திலிருந்துதான் வெங்காயமும் கருவாடும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பாய் விரித்தோம். என்னைத் தவிர ஏழு பேர். மற்றத் தண்டல்மார் சுக்கான் கட்டையை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு வெற்றிலை போடுவார்கள். நான் கொடுக்க மாட்டேன். தோணி திரும்புவதும் நிமிர்வதும் என் கைக்குள்தான் இருக்க வேண்டும். முப்பத்து நாலு வயதில் வலிப்பு வந்த நாளிலிருந்து எனக்கு இருந்த கவலையும் அது ஒன்றுதான். உயிர் போனால் போகட்டும், சுக்கான் போய்விடக் கூடாது.

முதல் தடவை கரையில் வந்தது. ஓடு ஏற்றிக்கொண்டிருந்தோம். திடீரென்று சிப்பி அழுகிய நாற்றம் அடித்தது. முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில் சிப்பியைக் கரையில் குவித்து அழுக விடுவார்கள். சதை அழுகினால்தான் முத்தைக் கழுவி எடுக்கலாம். அந்த நாற்றத்தை மோந்தவன் சாகிறவரை மறக்க மாட்டான். ஆனால் முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. "எவம்லே சிப்பிய அழுகப் போட்டது?" என்று கத்தினேனாம். அதோடு விழுந்துவிட்டேன்.

கண் திறந்தபோது என் கையில் ஒரு சாவிக்கொத்து. யாரோ சரக்குக் கிட்டங்கிக்காரன் தன் இடுப்பிலிருந்து உருவித் திணித்திருக்கிறான். கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று ஊர் முழுக்க ஒரு ஞானம். இன்னொரு ஞானி என் பல்லுக்கிடையில் கரண்டியைச் செருகியதில் முன்பல் ஒன்று போயிற்று. வலிப்பு தானாக இரண்டு மூன்று நிமிஷத்தில் நிற்கும். செய்ய வேண்டியதெல்லாம் ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் கல்லு கட்டை இருந்தால் நகர்த்திவிட்டு, பேசாமல் நிற்பதுதான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார்கள். எல்லாரும் என்னைக் காப்பாற்றிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

இரண்டு மாதத்தில் மூன்று முறை வந்தது. உள்ளூர் டாக்டர் நோயைச் சொன்னார். மூளைக்குள் எந்நேரமும் மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறதாம். எங்காவது ஓர் இடத்தில் தழும்பு இருந்தால் அங்கே அது கட்டுமீறிப் பொங்கி மற்ற இடத்துக்கும் பரவுமாம். பொங்குகிற இடம் வாசனை அறியும் பக்கமாக இருந்தால் முதலில் இல்லாத நாற்றம் அடிக்குமாம். பினோபார்பிட்டோன் என்று ஒரு மாத்திரை கொடுத்தார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ஒரு நாளும் விடக்கூடாது என்றார். மூளையின் துள்ளலை அடக்கி வைக்கிற மருந்து அது. அடக்குவதோடு ஆளையும் தூங்கவைக்கும். தூங்கி வழிகிறவன் சுக்கான் பிடிப்பதெப்படி? நான் அதைக் கேட்கவில்லை. கேட்டால் சுக்கானை விடு என்று சொல்லிவிடுவார்.

என்னிடம் ஒரு நோட்டு உண்டு. காற்று, நீரோட்டம், பிறை, புறப்பட்ட நாள், சேர்ந்த நாள் எல்லாம் அதில் ஏறும். மூன்று வலிப்பையும் அதில் குறித்துவைத்திருந்தேன். ஒன்று அமாவாசைக்கு முதல் நாள், ஒன்று பௌர்ணமி, இன்னொன்று அமாவாசைக்கு மறுநாள். எனக்குப் பொறி தட்டியது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறும். கடலையே இழுக்கிற நிலா மனுஷன் மூளையை இழுக்காதா? ஆக, நிலா இழுக்கும் நாட்களில் மட்டும் மாத்திரை போதும். மற்ற நாள் போட்டு ஏன் தூங்கி வழிய வேண்டும்? ஐந்தாறு வருஷம் புத்தகம் படித்த டாக்டருக்கு இது தெரியவில்லையே என்று அவர்மேல் எனக்குப் பெரிய இளக்காரம். அப்போது நான் இளக்காரமாக நினைக்காத ஆளே இல்லை.

ஒன்றரை வருஷம் அப்படி ஓட்டினேன். கரையில் இருந்தால் ஒன்றும் வராது. மாத்திரை போடாத வளர்பிறை நாளிலும் வராது. கடலுக்குப் போனால் வந்துவிடும். ஐந்து முறை வந்தது. இரண்டு கொழும்பில் நங்கூரம் போட்டுக் கிடந்தபோது, மூன்று பாயில் போகும்போது. மூன்றிலும் தோணி நேராகவே போனது. காற்று நல்ல காற்று, என் கை வாகு அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் சூசையைச் சொல்ல வேண்டும். தோணியில் எனக்கு அடுத்த ஆள். என் வயதுதான். வாய் திறக்க மாட்டான். அந்த ஒன்றரை வருஷமாக அவனுக்கு ஒரு புதுப் பழக்கம். நான் சுக்கானுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால் அவன் இடப்பக்கம் வந்து குந்திக்கொள்வான். கயிறு பின்னுகிறேன் என்பான். மூன்று முழக் கயிற்றை ஒரு பயணம் முழுக்கப் பின்னுவான். முன்னால் போய் வேலையைப் பார்க்கத் துப்பில்லாத சோம்பேறி என்று நான் அவனைத் திட்டாத நாள் கிடையாது. முதலாளியிடம் சொல்லி அவனை இறக்கிவிடுகிறேன் என்றுகூட மற்றவர்கள் எதிரில் சொல்லியிருக்கிறேன்.

ஐந்தாவது வலிப்பு வந்ததும் முடிவுக்கு வந்தேன். இந்நாட்டு மாத்திரை கடலில் வேலை செய்யவில்லை. வெளிநாட்டில் ஆபரேஷன் செய்துகொள்வதுதான் வழி.

வெளிநாடு என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், ஊரில் ஆளாளுக்கு டாக்டராகிவிட்டார்கள். பலசரக்குக் கடை அண்ணாச்சி சாத்தான்குளத்தில் மூக்கில் சொட்டு விடுகிற வைத்தியரைச் சொன்னார். போனேன். இரண்டு சொட்டுக்கு மூக்கு மூன்று நாள் எரிந்தது. அவர் மேலும் நாலு சொட்டுக்கு வரச் சொன்னார். ஆனால் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவன் என் மச்சினன் கஸ்பார். என் பெண்டாட்டி பிலோமியின் தம்பி. வெளிநாட்டுக் கப்பலில் சமையல்காரன். ராட்டர்டாமில் ஒருமுறை அவனுக்குக் குடல்வால் அறுத்தார்கள். அந்த நாலு நாள் ஆஸ்பத்திரி வாசத்தில் உலகத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளையெல்லாம் அளந்துவிட்டதாக அவனுக்கு எண்ணம். லீவில் வந்தவன், கால்சட்டைப் பையில் கைவிட்டுக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தான்.

"அத்தான், லண்டன்ல ஒரு மிசின் வந்திருக்கு. தலைய அறுக்காமலே உள்ள இருக்குதத அடுக்கடுக்காப் படம் எடுத்திருதான். எங்க கேப்டனே சொன்னாரு. இங்கன கெடந்து என்னத்துக்கு மாத்திரைய முழுங்குதீங்க?"

அவனைச் சொல்லி என்ன, நான் மட்டும் என்ன கிழித்தேன்? எனக்குத் தெரிந்த கணக்கில் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்தேன். கொழும்பு பக்கம். நாலைந்து நாளில் போய்விடலாம், துறைமுகமும் எனக்கு அத்துப்படி. ஆனால் அங்கே சாமான் தூக்குகிற கிரேன் வருஷத்தில் பாதிநாள் பழுது. கிரேனையே பார்க்கத் தெரியாதவன் மூளையைப் பார்ப்பானா என்று தள்ளினேன். சிங்கப்பூரில் துறைமுகம் சுத்தம், கப்பல் காத்துக் கிடக்க வேண்டாம் என்று கேள்வி. லண்டனில் ஆற்றுக்குள் நீரேற்றம் பார்த்துத்தான் கப்பலை உள்ளே விடுவார்களாம், கதவு வைத்த குளத்துக்குள் நிறுத்துவார்களாம். தண்ணீருக்கே கதவு போட்டவன் சாமர்த்தியக்காரன் என்று லண்டனுக்கு முடிவு கட்டினேன். எந்த ஆஸ்பத்திரியில் என்ன டாக்டர், எத்தனை பேருக்கு ஆபரேஷன் செய்தார், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. துறைமுகத்தைப் பார்த்து ஆஸ்பத்திரி தேடிய மடையன் இந்தக் கடற்கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கஸ்பாரின் கேப்டன் மூலம் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டோம். பதில் வர இரண்டு மாதம். தடித்த காகிதம். பங்குச் சாமியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஆபரேஷன் உண்டு. காதுக்கு மேலே பொட்டுப் பக்கம் மூளையின் ஓரத்தில் தழும்பு இருந்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிடுவார்கள். சிலருக்கு வலிப்பு அடியோடு நிற்கும், சிலருக்குக் குறையும், சிலருக்கு ஞாபகம் மங்கும், பேச்சுத் தடுமாறும். அதற்கு முன் நோயாளி எந்த மருந்தை, எவ்வளவு, எந்த மணிக்கு, ஒருநாளும் விடாமல் எத்தனை மாதம் சாப்பிட்டார் என்று எழுதி அனுப்பவும் என்று இருந்தது. எனக்கு எரிச்சல். இதைக் கேட்கவா லண்டன்? தினம் இரண்டு என்று சாமியாரைப் பதில் எழுதச் சொன்னேன். பாவம், சாமியார் பொய் என்று தெரியாமல் எழுதினார். பிலோமி அப்போது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லண்டன் போக வெளிநாட்டுப் பணம் வேண்டும். அதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். அனுமதிக்கு, 'இந்த நோய்க்கு இங்கே வழியில்லை' என்று மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரி கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் ரயில் ஏறினேன். பிலோமியும் கூட வந்தாள். நாலு கடை இருக்கிற சந்தையிலேயே தொலைந்துபோகிற பெண்பிள்ளை இவள், மெட்ராஸில் என்ன செய்வாள் என்று நினைத்தேன்.

அங்கே கையெழுத்துப் போடவில்லை. படுக்கச் சொல்லிவிட்டார்கள். பதினோரு நாள்.

அந்த வார்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வெளி பெஞ்சில் காலை ஆறு மணிக்கே சனம் குவிந்துவிடும். டோக்கன் கொடுக்கிறவன் ஒவ்வொருவனையும் 'என்னா வேணும்' என்று கேட்பான், அந்தப் பெஞ்சுக்கு வந்தவன் தேங்காய் வாங்க வந்த மாதிரி. என் பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். தலையெல்லாம் தையல். எனக்கு மயக்கந்தான், வலிப்பெல்லாம் இல்லை என்று காலையும் மாலையும் என்னிடம் சத்தியம் செய்வான். லைசென்ஸ் போய்விடும் என்று பயம். லாரியை வாய்க்காலில் இறக்கியவன் சத்தியம் செய்கிறானே என்று நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவனைத் துப்புக்கெட்டவன் என்று நினைத்த அதே நேரம் என் தலையணைக்கடியில் தினம் இரண்டு மாத்திரை என்று பொய் எழுதிய கடிதத்தின் நகல் இருந்தது.

முதல் சோதனை ஈ.ஈ.ஜி. மூளையின் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடு கோடாக வரையும் மிஷின். தலை முழுக்கப் பசை தடவி இருபது கம்பி ஒட்டுவார்கள். வலிக்காது. அசையாமல் கிடக்க வேண்டும், கண்ணைத் திற, மூடு, வேகமாக மூச்சு விடு என்பார்கள். பேனாக்கள் ஆடுகிற சத்தம் கேட்கும். முடிந்ததும் தலைமயிர் கருவாட்டுச் சாக்கு மாதிரி விறைத்துவிட்டது. பிலோமி எங்கிருந்தோ வெந்நீரும் சீயக்காயும் கொண்டுவந்து, குழாயடியில் என்னை உட்காரவைத்து, மயிர்மயிராகப் பசையைப் பிரித்து எடுத்தாள். மெட்ராஸில் வெந்நீர் எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. பார்த்து இழு, வலிக்குது என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாவது சோதனையை எதிரிக்குக்கூடச் சொல்ல மாட்டேன். நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி, முதுகெலும்பில் ஊசி குத்தி, மூளையைச் சுற்றி இருக்கிற நீரில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றை ஏற்றுவார்கள். காற்று மேலே ஏறி மூளையைச் சுற்றி நிற்கும், அப்போது எக்ஸ்ரே எடுத்தால் மூளையின் ஓரங்கள் தெரியும். காற்று ஏறும்போது தலை பிளந்தது. வாந்தி எடுத்தேன், மறுபடி எடுத்தேன். இரண்டு நாள் தலையைத் தூக்க முடியவில்லை. பயந்துவிட்டேன். மாதாவே என்று அழுதேன். புயலில் பாய்மரம் முறிந்தபோது அழாதவன் அங்கே அழுதேன். பிலோமி ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டாள். லண்டனில் இப்படியெல்லாம் குத்தாமல் படம் எடுப்பான் என்று கஸ்பார் சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் சொன்னதில் அது ஒன்று உண்மைதான்.

எங்கள் வார்டு டாக்டர் ஒரு பெண். என்னைவிடச் சின்ன வயது, மெலிந்த உருவம். இந்தக் குஞ்சா எனக்குக் கையெழுத்துப் போடப் போகிறது என்று முதல் நாளே ஓர் அலட்சியம். ஒன்பதாம் நாள் காலை அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். படங்களில் கட்டி இல்லை, ஈ.ஈ.ஜி.யில் இடது பொட்டுப் பக்கம் பொங்குகிறது என்றார். சில வலிப்பில் ஆள் விழ மாட்டார், கண்ணைத் திறந்தபடியே ஒன்றிரண்டு நிமிஷம் இல்லாமல் போய்விடுவார், வாயை மெல்லுவார், பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவார், அது அவருக்கே தெரியாது, உங்களுக்கு அப்படி வருவதுண்டா என்று கேட்டார். எனக்கே தெரியாதது எனக்கு எப்படி வரும் என்று சிரித்தேன். சிரித்துவிட்டு, என் புத்திசாலித்தனத்தைக் காட்ட, நோட்டை எடுத்து நீட்டினேன். நிலாக் கணக்கையும் சொன்னேன். எங்கள் கணக்கு உங்கள் புத்தகத்தில் இருக்காது என்று வேறு சொல்லிவைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பென்சிலால் வலிப்பு வந்த நாளையும் தோணி புறப்பட்ட நாளையும் வட்டமிட்டார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். ஐந்து வலிப்பும் கரையை விட்ட நாலாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே. இந்த ஐந்தில் நிலா எங்கேயும் பொருந்தவில்லை. என் கையெழுத்துதான். நான்தான் ஒருநாளும் அதை அப்படிப் பார்க்கவில்லை.

"கரையில் இருக்கும்போது நீங்கள் சாப்பிடுகிற எதையாவது கடலில் சாப்பிடுவதில்லையா?" என்று கேட்டார்.

சோறும் மீனும்தான் இரண்டு இடத்திலும் என்றேன். காப்பி மட்டும் தோணியில் கிடையாது, வெறும் தேயிலைத் தண்ணீர்தான்.

அப்போது பிலோமி எழுந்து நின்றாள். டாக்டரைப் பார்த்துத்தான் பேசினாள், என்னைப் பார்க்கவில்லை.

"கருப்பட்டிக் காப்பில நாந்தான் கலந்து குடுத்தேன், டாக்டரம்மா. கம்பவுண்டர்ட்ட தனியா வாங்கி நுணுக்கி வச்சிருப்பேன். இவுக தானாப் போடுத நாளு கலக்க மாட்டேன். போடாத நாளு ரெண்டு வேளையும் கலந்திருவேன். கடலுக்கு என்னால கூடப் போவ முடியல."

நான் அவளைப் பார்த்தேன். எங்கிட்ட ஏம்ளா சொல்லல என்று கேட்டேன். "சொன்னா குடிச்சிருப்பீங்களா?" என்றாள். குடித்திருக்க மாட்டேன். அவள் முகத்தில்தான் ஊற்றியிருப்பேன். சந்தையில் தொலைந்துபோவாள் என்று நான் நினைத்த பெண்பிள்ளை ஒன்றரை வருஷம் என்னைக் கையில் பிடித்து வைத்திருந்திருக்கிறாள். கருப்பட்டி கொஞ்சம் கசக்குது, கடைக்காரன் ஏமாத்திட்டான் என்று அண்ணாச்சியோடு நான் போட்ட சண்டைகளெல்லாம் ஞாபகம் வந்தன.

டாக்டர் விளக்கினார். இந்த மாத்திரை உடம்பில் மெல்லச் சேர்ந்து மெல்லக் கரையும். விட்டால் அன்றே ஒன்றும் ஆகாது, நாலைந்து நாளில் அளவு இறங்கிவிடும். அப்போது மூளை முன்னைவிட மோசமாகத் துள்ளும். மறுபடி போட்டாலும் சேர்வதற்கு நாள் பிடிக்கும். அதனால்தான் அமாவாசைக்கு முதல் நாள் போட்டது எதற்கும் உதவவில்லை.

கையெழுத்து என்ன ஆயிற்று என்று கேட்டேன். வெட்கம் கெட்டவன், அப்போதும் கேட்டேன்.

"மருந்து தோற்றால்தான் ஆபரேஷன். லண்டனிலும் அதைத்தான் சொல்வார்கள். உங்களுக்கு மருந்து தோற்கவில்லை. நீங்கள் அதற்கு வேலையே கொடுக்கவில்லை" என்றார்.

ஃபெனிட்டாயின் என்று இன்னொரு மாத்திரை எழுதினார். தூக்கம் குறைவு, ஆனால் ஈறு தடிக்கும், பல்லைச் சுத்தமாக வைக்க வேண்டும். முதல் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் புதிதாக இன்னொன்று வந்திருக்கிறது. இரண்டு மூன்று மருந்தைச் சரியான அளவில் விடாமல் சாப்பிட்டும் நிற்காவிட்டால் அப்போது ஆபரேஷனைப் பேசலாம். அதுகூட இந்நாட்டிலேயே செய்கிற இடம் உண்டு, லண்டன் தேவையில்லை. சுக்கானைப் பற்றிக் கேட்டேன். இரண்டு வருஷம் ஒன்றுகூட வராமல் இருந்தால் வாருங்கள், பேசுவோம் என்றார். சரி, இரண்டு வருஷம்தானே என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். லண்டனுக்கு எப்பம் போறீரு என்று கேட்டார்கள். போகவில்லை, மாத்திரைதான் என்றதும் அவர்கள் முகத்தில் விழுந்த ஏமாற்றத்தைப் பார்க்க வேண்டுமே. லண்டன் போகிறவன் வீட்டுக்கு வந்துபோனோம் என்ற பெருமை போய்விட்டது. கஸ்பார் ராட்டர்டாமிலிருந்து எழுதினான், மெட்ராஸ்காரன் உங்களை ஏமாத்திட்டான் அத்தான் என்று. அந்தக் கடிதத்தில் கருவாடு சுற்றினேன்.

மூன்றாம் நாள் பழைய துறைமுகத்துக்குப் போனேன். தோணி வெங்காயம் ஏற்றிக்கொண்டு நின்றது. முதலாளி இரண்டு வருஷத்துக்குத் தோணியைச் சூசையிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இந்தச் சோம்பேறியா என்று இருந்தது. சுக்கானில் செய்ய வேண்டியது செய்யக் கூடாதது எல்லாம் அவனுக்கு ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் ஏறினேன். பேச்சோடு பேச்சாக, அந்த டாக்டரம்மா சொன்ன விழாத வலிப்பைப் பற்றிச் சொல்லிச் சிரித்தேன். கண்ணத் தெறந்துகிட்டே ஒருத்தன் இல்லாமப் போவானாம்லே, கேட்டியா என்றேன்.

சூசை சிரிக்கவில்லை. கயிற்றைக் கீழே வைத்தான்.

"வரும், தண்டலே. நீரு சிப்பி நாறுதுன்னு சொன்னவொடனே நான் எடது கைய சுக்கான்ல வச்சிருவேன். ரெண்டு நிமிசம் நீரு கடலப் பாத்துகிட்டு வாய மென்னுகிட்டே இருப்பீரு. பெறவு திரும்பி, என்னலே பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்க, சோம்பேறிம்பீரு. அப்பம் கைய எடுத்திருவேன்."

எத்தனை தடவை என்று கேட்டேன். அவன் கயிற்றை மறுபடி எடுத்தான். மறுபடி கேட்டேன்.

"அத என்னத்துக்கு இப்பம் கேக்கீரு, விடும். ஒரு பயணம்னா நாலு, அஞ்சு."

நான் அங்கேயே வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். மற்ற ஆறு பேரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவன்கூட முதலாளியிடம் போய்ச் சொல்லவில்லை. இந்த ஏழு உயிரையும் ஒன்றரை வருஷம் என் கை வாகில் கொண்டுபோய்க் கொண்டுவந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கையே என்னுடையதாக இருக்கவில்லை. அந்தக் கையைத்தான் தினமும் திட்டினேன்.

மன்னிச்சுக்கலே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாழ்நாளெல்லாம் பழகாத வார்த்தை. வலப்பக்கம் வந்து உக்காருலே, இனிமே அது உன் எடம் என்றேன். சரி என்றான்.

இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. ஒரு வலிப்பும் வரவில்லை, சிப்பி நாற்றமும் வரவில்லை. ஈறு தடித்திருக்கிறது, அது போகட்டும். மாத்திரையைப் பிலோமி இப்போது ஒளிக்கிறதில்லை. காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் விழுங்குகிறவரை நிற்பாள். கருப்பட்டி இனிக்கிறது. டாக்டரம்மாவிடம் மறுபடி போனேன். சின்னப் பயணம் போய்வரலாம், பக்கத்தில் ஓர் ஆள் எப்போதும் இருக்கிறார் என்றால் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை நான் முதலாளியிடம் காட்டவில்லை. கிட்டங்கியில் சாமான் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். யாருக்காவது வலிப்பு வந்தால் முதலில் ஓடிப்போய்ச் சாவிக்கொத்துக்காரனைத் தள்ளிவிடுவது நான்தான்.

நேற்று தோணி கொழும்புக்குப் புறப்பட்டது. துறைமுகக் கல்லுக்கட்டில் நின்று பார்த்தேன். பாய் ஏறியது, மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பிடித்தது, தோணி அலைதடுப்பைத் தாண்டித் திரும்பியது. சூசை சுக்கானுக்கு இடப்பக்கமே உட்கார்ந்து, இடது கையாலேயே பிடித்திருந்தான். வலப்பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.